ஒரு பெரிய கால்பந்து கிளப் புதிய பயிற்சியாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்?

"பெரிய கிளப்புகளிடம் பணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கூப்பிட்டால் வருவதற்கு நல்ல பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அப்படியும் ஏன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? அதிகக் கோப்பை வென்றவரை எடுத்துவிட்டால் போதாதா?" என்பதுதான் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், "யாரை எடுப்பது?" என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பல கிளப்புகள் அதிலிருந்தே ஆரம்பிக்கின்றன.

அதற்கு முன்னால் கிளப் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. கையில் இருக்கும் வீரர்கள் எந்த மாதிரி ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் மூன்று வருடம் ஓடுவார்கள்? யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவெடுப்பது பயிற்சியாளரா, ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்ற கால்பந்து நிர்வாகியா? முதல் சீசனில் ஆறாவது இடம் வந்தால் பொறுத்துக்கொள்வோமா? இவற்றுக்கு நிர்வாகத்தில் நாலு பேர் நாலு பதில் வைத்திருந்தால், எவ்வளவு திறமைசாலி வந்தாலும் அவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்.

இதைச் சரியாகச் செய்ததற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2008-இல் பார்சிலோனா. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கார்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஜோசே மொரினோ செல்சியை விட்டு வெளியே வந்து சும்மா இருந்தார். போர்ட்டோவுடன் 2004-இல் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக், செல்சியுடன் அடுத்தடுத்து இரண்டு முறை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம். சந்தையில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. பார்சிலோனாவின் நிர்வாகிகள் சிகி பெகிரிஸ்தைனும் மார்க் இங்லாவும் லிஸ்பனுக்கே போய் அவரைச் சந்தித்தார்கள். அவரும் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். ஆனால் அந்தக் கிளப் தனக்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது. பந்தை வைத்துக்கொண்டு தாக்கி ஆடும் பாணி தொடர வேண்டும், அகாடமியிலிருந்து வரும் இளைஞர்கள் மேல் தனிக் கவனம் வேண்டும், டிரெஸ்ஸிங் ரூமைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், பத்திரிகைகளோடு அடிக்கடி மல்லுக்கு நிற்கக் கூடாது. அந்த அளவுகோலோடு ஒப்பிட்டபோது மொரினோவுக்குச் சில இடங்களில் இடித்தது. வேலை பெப் குவார்டியோலாவுக்குப் போனது. அவருக்கு அப்போது 37 வயது. பயிற்சியாளராக இருந்த அனுபவம் ஒரே வருடம், அதுவும் நான்காம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பார்சிலோனா பி அணியோடு. முதல் சீசனிலேயே ஸ்பெயின் லீக்கான லா லிகா, ஸ்பெயின் கோப்பையான கோபா டெல் ரே, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றார்.

இதைப் பலர் துணிச்சலான சூதாட்டம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரை அகாடமிப் பையனாக, கேப்டனாக, பி அணியின் கோச்சாக அந்தக் கிளப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்றும் தெளிவாகத் தெரிந்திருந்தது. அப்புறம், நிராகரிக்கப்பட்ட மொரினோவும் தோற்றுப்போகவில்லை. 2010-இல் இன்டர் மிலானுக்கு அதேபோல மூன்று கோப்பைகளையும் வாங்கிக் கொடுத்தார். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அவர் வெளியேற்றியது இதே பார்சிலோனாவைத்தான். அனுபவமும் உழைப்பும் நிறைந்த அந்த இன்டர் அணிக்கு அவர் மிகச் சரியான ஆள்.

2013-இல் மான்செஸ்டர் யுனைடெட் எடுத்த முடிவு இதற்கு நேர் எதிர். 26 வருடத்துக்கும் மேலாக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 13 லீக் பட்டங்களோடு விடைபெற்றார். அடுத்தவரையும் அவரே கைகாட்டினார். எவர்ட்டனில் 11 வருடம் இருந்த டேவிட் மொயஸ், ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்தார். பத்தே மாதத்தில், 2014 ஏப்ரலில், அனுப்பிவிட்டார்கள். அணி ஏழாவது இடத்தில் முடித்தது. மொயஸ் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் அவரிடம் என்ன ஒப்படைக்கப்பட்டது என்று பாருங்கள். 11 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியனான அணிதான். ஆனால் பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார், ரையன் கிக்ஸுக்கு 39 வயது, ஃபெர்டினான்ட், விடிச், எவ்ரா என்று தடுப்பு வரிசையின் தூண்கள் எல்லாம் முப்பதைத் தாண்டியவர்கள். அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். போதாததற்கு, மொயஸ் தன் ஆட்களைக் கூட்டிவர, மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன் போன்ற பழைய பயிற்சிக் குழுவினரும் போய்விட்டார்கள். ஒரே கோடையில் அந்தக் கிளப்பின் நினைவாற்றல் முழுவதும் வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டது.

இங்கே 'மேனேஜர்', 'தலைமைப் பயிற்சியாளர்' என்ற இரண்டு பதவிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபெர்குசன் பழைய பொருளில் மேனேஜர். வீரர் சேர்ப்பு, சம்பளம், அகாடமி, ஒழுங்கு எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. அப்படிப்பட்டவர் போகும்போது காலியாவது ஒரு நாற்காலி இல்லை, நாலைந்து பேர் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் பிரித்து ஆட்களை நியமித்துவிட்டு, அப்புறம் பயிற்சியாளரைத் தேடியிருக்க வேண்டும். பல வருடம் அந்த வேலை நடக்கவில்லை. வான் கால், மொரினோ, சோல்ஷேர், டென் ஹாக் என்று ஆட்கள் வந்தார்கள், ஒவ்வொருவரும் தங்கள் ரசனைக்கு வீரர்களை வாங்கினார்கள், அடுத்தவர் வந்ததும் பாதிப் பேர் பொருந்தாமல் போனார்கள்.

லிவர்பூல் 2024-இல் இதையே எப்படிக் கையாண்டது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். யுர்கன் குளோப் ஜனவரி 26 அன்றே, சீசன் முடிந்ததும் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். கிளப் முதலில் செய்தது பயிற்சியாளரைத் தேடுவது இல்லை. முன்பு அங்கே ஸ்போர்ட்டிங் டைரக்டராக இருந்த மைக்கேல் எட்வர்ட்ஸை மார்ச்சில் உரிமையாளர் நிறுவனத்தின் கால்பந்துத் தலைவராகத் திரும்ப அழைத்தார்கள். ரிச்சர்ட் ஹியூஸ் ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆனார். ரசிகர்கள் எல்லாரும் கேட்டது முன்பு லிவர்பூலில் ஆடிய ஷாபி அலோன்சோவை. அவர், தான் பயிற்சியாளராக இருந்த ஜெர்மனியின் லெவர்குசனிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் போய் நின்றது ஃபயனூர்டின் ஆர்னே ஸ்லாட்டிடம். 2023-இல் நெதர்லாந்து லீக்கை வென்றவர், மேலே ஏறி எதிரணியை நெருக்கி (பிரெஸ் செய்து), பந்தைப் பிடித்ததும் வேகமாக முன்னேறும் ஆட்டம். குளோப் விட்டுச்சென்ற வீரர்களுக்கு அது கிட்டத்தட்டத் தெரிந்த ஆட்டம்தான். பதவியின் பெயரையே தலைமைப் பயிற்சியாளர் என்று மாற்றினார்கள்.

அந்தக் கோடையில் முதல் அணிக்கு உடனே வந்த ஒரே புதுவரவு ஃபெடரிகோ கியேசா. நடுக்களத்தின் அடியில் ஆட மார்ட்டின் சுபிமெண்டியைக் கேட்டு அவர் மறுத்தபோது, ஸ்லாட் அலட்டிக்கொள்ளவில்லை. இருந்த ரையன் ஹ்ராவென்பெர்கையே அந்த இடத்தில் நிறுத்தினார். 2025 ஏப்ரல் 27 அன்று, நாலு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே, லீக் பட்டம் உறுதியானது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஹ்ராவென்பெர்க் விஷயம்தான். கேட்டது கிடைக்காதபோது ஒரு பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய தரம் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2025 கோடையில் லிவர்பூல் பெரும் பணம் செலவழித்து விர்ட்ஸ், இசாக், எகிடிகே என்று அணியின் முகத்தையே மாற்றியது. அணியின் வீரர் டியோகோ ஜோட்டாவின் மரணம் வேறு எல்லாரையும் உலுக்கியிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் அதே ஸ்லாட், அதே கிளப், தோல்விமேல் தோல்வி. பொருத்தம் என்பது ஒரு குறிப்பிட்ட அணிக்கும் ஒரு பயிற்சியாளருக்கும் இடையில் இருப்பது. அணி மாறினால் திரும்பவும் முதலிலிருந்து உழைக்க வேண்டும்.

பொருத்தம் இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. யுனைடெட் 2024 கோடையில் டென் ஹாக்கை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்து, மற்றவர்களோடு பேசிப் பார்த்து, கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தது. அக்டோபரில் நீக்கியது. சீசன் நடுவில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு இழப்பீடு கொடுத்து ரூபன் அமோரிமைக் கொண்டுவந்தது. அவர் தடுப்பின் நடுவில் மூன்று சென்டர் பேக், ஓரங்களில் மேலும் கீழும் ஓடும் இரண்டு விங் பேக் வைத்து ஆடுபவர், அதிலிருந்து விலகாதவர். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. யுனைடெடிலோ நாலு பேர் தடுப்பு வரிசைக்காகச் சேர்க்கப்பட்ட வீரர்கள், விங் பேக் என்று சொல்லும்படி ஓரிருவர்கூட இல்லை. சீசன் முடியட்டும், வருகிறேன் என்று அவர் கேட்டதாக அவரே சொன்னார், கிளப் காத்திருக்கவில்லை. 42 புள்ளிகளோடு 15-ஆவது இடம். இதில் அமோரிமின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பிடிவாதத்தைத் தெரிந்தே வாங்கியவர்களுக்குப் பங்கு அதிகம்.

சரி, கிளப் தன் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆளை எப்படி எடைபோடுவது? முதலில், லீக் அட்டவணையை மட்டும் பார்க்கக் கூடாது. நீண்ட கால அளவில் ஒரு கிளப் எந்த இடத்தில் முடிக்கும் என்பதைப் பெருமளவு சொல்லிவிடுவது அதன் சம்பளப் பட்டியல்தான் என்று பொருளாதார அறிஞர் ஸ்டெஃபன் சிமான்ஸ்கி பல ஆண்டுகளாகக் காட்டிவந்திருக்கிறார். எனவே பணக்காரக் கிளப்போடு கோப்பை வென்றதைவிட, தன் சம்பள நிலைக்கு மேலே ஒரு அணியைத் தூக்கி நிறுத்தியதுதான் பயிற்சியாளரைப் பற்றி அதிகம் சொல்லும்.

அடுத்து, புள்ளிகளைத் தாண்டி ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். குளோப் டார்ட்மண்டில் கடைசியாக இருந்த 2014–15 சீசனில் அணி பாதி வழியில் அட்டவணையின் அடிமட்டத்தில் கிடந்து, ஒருவழியாக ஏழாவதாக முடித்தது. அவர் காலம் முடிந்துவிட்டது என்று பேசியவர்கள் உண்டு. லிவர்பூலின் தரவு ஆய்வுக்குத் தலைமை தாங்கிய இயன் கிரஹாம், உருவான வாய்ப்புகளின் தரத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது, டார்ட்மண்ட் அந்த சீசனிலும் ஜெர்மனியின் இரண்டாவது சிறந்த அணியாகத்தான் ஆடியிருந்தது தெரிந்தது. அடித்த பந்து உள்ளே போகவில்லை, எதிரணி அடித்தது போனது, அவ்வளவுதான். 2015 அக்டோபரில் குளோப் லிவர்பூலுக்கு வந்தார். இன்று எக்ஸ்ஜி என்று தொலைக்காட்சியிலேயே காட்டும் அந்தக் கணக்கு, பயிற்சியாளர் தேர்வில் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்: அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது.

ஆனால் எண்கள் ஆளை வடிகட்டத்தான் உதவும். நேரில் உட்கார்ந்து பேசும்போது தெரிவது வேறு. நேர்காணலில் பெரும்பாலானவர்கள் தங்கள் வெற்றிகளின் வீடியோவைத்தான் கொண்டுவருவார்கள். நான் தேர்வுக் குழுவில் இருந்தால், அவர் மோசமாகத் தோற்ற ஆட்டம் ஒன்றை எடுத்துவைத்து, இடைவேளையில் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், திங்கட்கிழமை பயிற்சியில் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். அப்புறம் நம் அணியின் போன மாத ஆட்டத்தைப் போட்டுக் காட்டி, "இதில் யார் உங்களுக்கு ஒத்துவர மாட்டார்கள்? அவர்களை விற்க முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். நடுவரையும் காயங்களையும் வீரர்களையும் மாறி மாறிக் குறை சொல்பவர், நம்மிடம் வந்தாலும் அதைத்தான் செய்வார்.

விசாரிக்க வேண்டியது அவருடைய நட்சத்திர வீரர்களிடமும் இல்லை. அவரிடம் ஆட வாய்ப்பே கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம், பிசியோவிடம், கிட் பார்த்துக்கொள்பவரிடம், அகாடமிக் கோச்சிடம் விசாரிக்க வேண்டும். "என்னை எடுக்கவில்லை, ஆனால் ஏன் என்று நேராகச் சொன்னார்" என்று ஒரு வீரர் சொன்னால், அது எனக்குப் பத்துக் கோப்பைக்குச் சமம். ஒரு பெரிய அணியில் 25 பேர் இருப்பார்கள், ஆடுவது 11 பேர். சனிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பேரின் ஏமாற்றத்தைத் தாங்கி, அவர்களைத் திங்கட்கிழமை திரும்ப உழைக்க வைப்பதுதான் இந்த வேலையில் பாதி.

கூட யார் வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் கோச், உடற்தகுதி நிபுணர், கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸுக்கென்று ஒருவர் என்று இப்போது ஒரு கூட்டமே வருகிறது. ஆர்சனல் கார்னரிலிருந்து அடிக்கும் கோல்களுக்குப் பின்னால் நிக்கோலா ஜோவர் என்ற செட் பீஸ் கோச் இருப்பதை ரசிகர்களே பாடுகிறார்கள். எல்லாரும் புதியவர்களாக வந்தால் கிளப்பைத் தெரிந்தவர் யாரும் மிஞ்சமாட்டார். ஏற்கெனவே இருப்பவர்களில் ஓரிருவரையாவது வைத்துக்கொள்ளச் சம்மதிப்பாரா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

பழைய நட்சத்திர வீரரை எடுக்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். எடுக்கலாம், அவர் எங்காவது பயிற்சியாளராக வேலை கற்றிருந்தால். ஸிடான் 2016-இல் ரியல் மாட்ரிட் பொறுப்பை ஏற்கும் முன் அன்செலோட்டியிடம் உதவியாளராக இருந்தார், அதன்பின் ரிசர்வ் அணியைப் பார்த்துக்கொண்டார். ஆண்ட்ரியா பிர்லோவை யுவெண்டஸ் 2020-இல் ஒரு ஆட்டம்கூட நடத்திய அனுபவம் இல்லாமல் உட்காரவைத்தது. தொடர்ந்து ஒன்பது முறை சாம்பியனான அணி அந்த வருடம் நான்காவதாக வந்தது. அவரையும் ஒரே வருடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

இடைக்காலப் பயிற்சியாளர் ஜெயித்துக்கொண்டே போனால் வரும் சோதனை இன்னும் கடினம். சோல்ஷேர் 2018 டிசம்பரில் யுனைடெடுக்கு வந்து முதல் 19 ஆட்டத்தில் 14 வென்றார். 2019 மார்ச்சில் நிரந்தரமாக்கினார்கள். அந்த சீசனில் மிச்சம் இருந்த பத்தில் வென்றது இரண்டு. சீசன் முடியும்வரை காத்திருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அதே நேரம், ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கில் 2019 நவம்பரில் இடைக்காலமாக வந்த ஹான்சி ஃபிளிக் அடுத்த ஆகஸ்டுக்குள் மூன்று கோப்பைகளை வென்றார். எனவே இடைக்காலத்தார் என்பதற்காக ஒதுக்கவும் கூடாது. வெளியிலிருந்து வருபவரை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ, அதே அளவுகோலால் இவரையும் அளக்க வேண்டும்.

புது ஆள் வந்ததும் அணி எழுந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை எடுத்து, சரிவில் பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே மாதிரி சரிந்தும் மாற்றாமல் இருந்த அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன. மோசமான நாலு வாரத்துக்கு அப்புறம் பெரும்பாலும் சுமாரான நாலு வாரம் தானாகவே வரும். பேயர்ன் 2023 மார்ச்சில் பயிற்சியாளர் நாகெல்ஸ்மானை நீக்கியபோது அணி சாம்பியன்ஸ் லீக்கில் எட்டுக்கு எட்டு வென்றிருந்தது, லீக்கில் ஒரே புள்ளிதான் பின்தங்கியிருந்தது. அவருக்குப் பதிலாக டூகல் வந்த சில வாரங்களில் ஜெர்மன் கோப்பையும் போனது, சாம்பியன்ஸ் லீக்கும் போனது. கடைசி நாளில் டார்ட்மண்ட் மைன்ஸோடு டிரா செய்ததால்தான் லீக் பட்டம் கைக்கு வந்தது.

அதே பேயர்ன் ஒரு வருடம் கழித்து அடுத்த பயிற்சியாளரைத் தேடிப் பட்ட பாட்டிலும் கற்றுக்கொள்ள இருக்கிறது. அலோன்சோ வரவில்லை. நாகெல்ஸ்மான் ஜெர்மன் தேசிய அணியோடு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். ராங்னிக் ஆஸ்திரியத் தேசிய அணியை விட்டு வர மறுத்தார். டூகலையே தக்கவைக்கப் பேசியதும் கைகூடவில்லை. கடைசியில் போய்ச் சேர்ந்தது, பர்ன்லியோடு பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியிருந்த வின்சென்ட் கொம்பனியிடம். எத்தனை கேலி! ஆனால் எதிரணியைவிடத் தாழ்ந்த வீரர்களோடும் துணிந்து முன்னேறி ஆடிய அவருடைய பாணி, பந்தை எப்போதும் தன்னிடமே வைத்திருக்கும் பேயர்னுக்குப் பொருந்தியது. 2025-இல் லீக் பட்டம் திரும்பி வந்தது. ஐந்தாவது பெயராக வந்தவர் என்பதால் ஐந்தாம் தரம் என்று ஆகிவிடாது.

ஓரிடத்தில் தோற்றவரையும் அதற்காகவே தள்ளிவிட வேண்டியதில்லை. பிரையன் கிளஃப் 1974-இல் லீட்ஸில் தாக்குப்பிடித்தது 44 நாள். அதே மனிதர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) தூக்கினார். உனாய் எமரியை 2019 நவம்பரில் ஆர்சனல் நீக்கியது. வில்லாரியலோடு 2021-இல் யூரோப்பா லீக் வென்றார். அப்புறம் கீழே தத்தளித்துக்கொண்டிருந்த ஆஸ்டன் வில்லாவை 2024-இல் நான்காவது இடத்துக்குக் கொண்டுபோனார். ஏன் தோற்றார் என்று கேட்டு அந்தக் காரணம் நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசியாக, அதிகக் கோப்பை வென்றவரை எடுத்தால் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். சில நேரம் அதுவே சரியான முடிவு. 2021-இல் ரியல் மாட்ரிடில் மோட்ரிச், குரூஸ், கசெமிரோ, பென்செமா என்று எல்லாவற்றையும் வென்று முடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் புதிதாக ஒரு பாணியைச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. அவர்கள் மதிக்கும் ஒருவர், அறையைச் சூடாக்காத ஒருவர், கூடவே வளர வேண்டிய இளைஞர்களின் தோளில் கைபோடத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். எவர்ட்டனில் பத்தாவதாக முடித்திருந்த கார்லோ அன்செலோட்டியை அழைத்தார்கள். அதுவரை கோல் முன்னால் தடுமாறிக்கொண்டிருந்த வினிசியஸ் ஜூனியரை அவர் தொடர்ந்து நம்பி இறக்கினார். 2022 மே 28 அன்று பாரிஸில் லிவர்பூலை 1–0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியபோது, அந்த ஒரே கோலை அடித்தவர் வினிசியஸ்.